நடுவிலிருந்து நான்கு நிமிடம்

பிப்ரவரி 9

அக்கா,

போன் செய்யாதே. நேற்றிலிருந்து ஆறு முறை கூப்பிட்டுவிட்டாய். எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்தாயிற்று.

இந்தப் பருவத்தில் எங்களுக்கு 'பேச்சும் சமூகமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. நீகூடக் கேலி செய்தாய், "பேசறதுக்கெல்லாம் ஒரு படிப்பா? அதுல நீ பொறந்ததுலேர்ந்தே டாக்டராச்சே" என்று. வெள்ளிக்கிழமை அந்த வகுப்பில் பேராசிரியை மௌனத்தைப் பற்றி நடத்தினார். பேச்சுக்கு நடுவே ஒருவர் வாயடைத்துப் போனால் அதற்கு என்ன பொருள், அதை எப்படி அளப்பது என்று. உதாரணத்துக்கு ஓர் ஒலிப்பதிவு போடப் போவதாகச் சொன்னார். மனம் உடைந்தவர்கள் கூப்பிடுகிற ஓர் உதவி எண்ணுக்கு வந்த பழைய அழைப்பு அது. பெயர், ஊர் வரும் இடங்களில் 'டிங்' என்று ஒரு மணியோசை போட்டு மறைத்திருப்பார்களாம். மொத்தம் பதினாலு நிமிடம், நடுவிலிருந்து நாலு நிமிடம் மட்டும் கேட்டால் போதும் என்றார்.

நான் மூன்றாவது வரிசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

"இப்ப எங்க இருக்கீங்க?" என்று ஒரு பெண் கேட்டார்.

"தெரியலை. ஊர் பேரைப் பார்க்கலை."

"சரி. என்ன ஆச்சுன்னு மெதுவா சொல்லுங்க."

"அது என்னன்னா..."

அக்கா, பென்சிலோடு விரலையும் சீவிக்கொண்டேன். அந்த 'அது என்னன்னா'வுக்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் வருமே, மூக்கடைத்த மாதிரி. வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னபோதும், என் பள்ளித் தலைமை ஆசிரியை உன்னைக் கூப்பிட்டுத் திட்டியபோதும் நான் கேட்டது அதே மூச்சைத்தான்.

"சுண்டுவை விட்டுட்டு வந்துட்டேன்."

திரையில் எழுத்தாக ஓடியது. 'சுண்டு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. செல்லப்பெயர்தானே, அதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்று அங்கே மணி அடிக்காமல் விட்டிருப்பார்கள் போல. பின்னால் இருந்து ஒருத்தன் கேட்டான், "மேடம், சுண்டுன்னா நாய்க்குட்டியா?" இன்னொருத்தி, "பர்ஸா இருக்கும்ப்பா, சின்ன பர்ஸ்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், வாய் அப்படித்தான் போனது.

"தெரியாம விட்டுட்டீங்களா?"

"இல்லை. தெரிஞ்சுதான். பெஞ்சுல உக்கார வெச்சுட்டு பஸ் ஏறிட்டேன். ஆறு வயசு ஆகுது. ரொம்ப சமத்து."

வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி, "சீ, இவள்லாம் ஒரு அம்மாவா" என்றாள். அதற்கப்புறம் அந்த உதவி எண் அம்மா என்னென்னவோ கேட்டார், அந்தக் குரலும் பதில் சொன்னது. எனக்குக் காதில் ஒரே இரைச்சல், எதுவும் விழவில்லை. பிறகு மௌனம். பதினோரு விநாடி. பேராசிரியை ஒலிப்பதிவை அங்கேயே நிறுத்திவிட்டு, "இவங்க திரும்பிப் போவாங்கன்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார். ஐம்பத்திரண்டு பேர் இருக்கிற வகுப்பில் ஒன்பது கை.

நான் தூக்கவில்லை.

நீ எனக்குச் சொன்ன கதை வேறு. பஸ் நிலையத்தில் என் ஷூ லேஸைக் கட்டிவிட்டு நீ டிக்கெட் வாங்கத் திரும்பினாய், அந்த நொடியில் நான் உன் கையை உதறிவிட்டு ஓடினேன், அரைமணி நேரம் நீ அலறிக்கொண்டு தேடினாய். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்ன கதை. "இவ கால்ல சக்கரம், ஒரு நிமிஷம் நிக்க மாட்டா."

அது நீயா இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

சுண்டு

*

பிப்ரவரி 13

சுண்டுவுக்கு,

நான்தான்.

கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு பிரேமைச் சூடு காட்டும் இடத்தில் வைத்தவள் எடுக்க மறந்துவிட்டேன். உருகி வளைந்து போயிற்று. இத்தனை வருஷத்தில் நான் கெடுத்த முதல் பிரேம் அது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தப் பேச்சைப் பதிவு செய்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு டெலிபோன் பெட்டிக்குள் நின்று முகம் தெரியாத ஒருத்தியிடம் அழுததை ஐம்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அதிலே நீயும். இதைப் படிக்கவா உன்னை அனுப்பினேன்? ஊரில் வேறு படிப்பே இல்லையா?

நடந்தது இதுதான். பைத்தியக்காரத்தனமாக ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். மூன்று நிறுத்தம் போயிருப்பேன். உடனே இறங்கிப் போன் பேசிவிட்டு ஓடி வந்துவிட்டேன். போன் பேசினது போக, மிஞ்சிப் போனால் பத்து நிமிஷம். நீ பயந்துவிடக் கூடாது என்றுதான் கதையை மாற்றிச் சொன்னேன். சின்னக் குழந்தையிடம் வேறு எப்படிச் சொல்வது?

மீதியைக் கேட்காதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த மீதிப் பத்து நிமிஷத்தை மட்டும் கேட்காதே. லீவுக்கு வா, நேரில் பேசிக்கொள்வோம். ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 18

அக்கா,

கேட்டுவிட்டேன்.

கேட்காதே என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருக்க மாட்டேன். பேராசிரியையிடம் போய், இந்த அழைப்பை முழுசாக எழுத்தில் பெயர்த்துத் தருகிறேன், பயிற்சிக் கட்டுரையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சந்தோஷமாகச் சாவி கொடுத்தார். ஒலிப்பதிவு அறையில் தனியாக உட்கார்ந்து பத்தாவது நிமிடம் வரை கேட்டேன். அதற்கு மேல் முடியாமல் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

மூன்று நிறுத்தமா?

"எவ்வளவு தூரம் வந்துட்டீங்க?" என்று அந்த அம்மா கேட்கிறார். "ரெண்டு மணி நேரம் பஸ்ல இருந்தேன்" என்கிறாய். ரெண்டு மணி நேரம். திரும்பி வர இன்னொரு ரெண்டு மணி நேரம். அந்த பெஞ்சில் நான் எத்தனை மணி நேரம் இருந்தேன் அக்கா?

அது மட்டும் என்றால்கூட எப்படியோ விழுங்கியிருப்பேன். "இதுக்கு முன்னாடி இப்படித் தோணியிருக்கா?" என்று கேட்கிறார். "போன மாசம் ஆஸ்பத்திரியில ஒரு தடவை விட்டுட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். பத்து நிமிஷத்துல திரும்பிட்டேன்." இதை நீ அழாமல் சொல்கிறாய். கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி. இந்தப் பத்து நிமிஷத்தைத்தானே எடுத்து அங்கே ஒட்டி எனக்குக் கடிதம் எழுதினாய்? இரண்டு முறை, அக்கா! இதை எழுதும்போது என் கை எனக்கே அந்நியமாக இருக்கிறது.

நான் ஓடவில்லை. உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே பதினைந்து வருஷம் என்னை 'ஓடினவள்' என்று சொல்லிக்கொண்டிருந்தாய். கல்விச் சுற்றுலாவுக்கு ஆசிரியை கையெழுத்துக் கேட்டால், "இவ மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க, ஓடிடுவா" என்று எழுதித் தந்தாய். கடைத்தெருவில் என் மணிக்கட்டையும் உன் மணிக்கட்டையும் ரிப்பனால் கட்டிக்கொண்டு நடந்தாயே, எட்டு வயது வரைக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'ஆட்டுக்குட்டி' என்று கூப்பிட்டார்கள். அவமானமாக இருந்தாலும், நாம் செய்த தப்புக்குத்தானே என்று பேசாமல் வந்தேன். இப்போதும் கூட்டமாக இருக்கிற இடத்தில் பக்கத்தில் இருப்பவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்கிறேன். என் காலை நானே நம்புவதில்லை.

இனி உன்னிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. முழுசாக எழுதுவதாக இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

*

பிப்ரவரி 24

சுண்டு,

முழுசாக எழுதுகிறேன். குறுக்கே அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்கொள். ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பியதும் நிஜம்தான்.

அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா வெளியூர் வேலைக்குப் போனவர், அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று ஒரு கடிதம் போட்டார். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை. நான் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை பார்த்தேன். உன்னை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். நீ ஜன்னலில் நின்று அழுகிறாய் என்று வீட்டுக்காரம்மா சத்தம் போட்டார். சரி என்று வேலைக்கே கூட்டிப்போனேன். ஈரப் படுக்கை விரிப்புகளுக்குள் ஒளிந்து விளையாடினாய். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "நாளைலேர்ந்து வராதே" என்று என்னை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை உன்னைச் சித்தி வீட்டில் ஒரு மாதம் விட்டுவரலாம் என்று கிளம்பினோம். பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தேன். "இங்கயே இடமில்லை, நீ பாட்டுக்குக் கூட்டிட்டு வந்து நிக்காதே" என்றாள் சித்தி. போனை வைத்துவிட்டு வந்தேன். நீ காலை நீட்டி, "லேஸ் அவுந்துடுச்சு" என்றாய். குனிந்து கட்டினேன். இரட்டை முடிச்சு. "அக்கா வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கணும், அசையக் கூடாது, சரியா?" என்றேன். நிமிர்ந்தேன். நிமிர்ந்தவள் அப்படியே நடந்தேன், சுண்டு. முதலில் தெரிந்த பஸ்ஸில் ஏறினேன். அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. வண்டியில் என்ன நினைத்தேன் தெரியுமா? கை இரண்டும் காலியாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் எந்தச் சாமியிடமும் சொன்னதில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். டெலிபோன் பெட்டியின் கண்ணாடியில் அந்த எண் ஒட்டியிருந்தது. கூப்பிட்டேன். பேசியதெல்லாம் உனக்கே தெரியும். கடைசியில் அந்த அம்மா, "எழுந்திரு, திரும்பிப் போ" என்று அதட்டினாள். அதனால்தான் வந்தேன். அவள் அதட்டியிராவிட்டால் வந்திருக்க மாட்டேன். இத்தனை வருஷமாக எனக்குள் இருக்கிறது இதுதான். நான் மனம் மாறி வந்தவள் இல்லை. யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு வந்தவள்.

வந்து பார்த்தால் பெஞ்சு காலி.

அந்த நிமிஷத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

டிக்கெட் கொடுக்கும் அம்மா உன்னைத் தன் அறைக்குள் ஒரு முக்காலியில் உட்கார வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். உன் பாவாடை நனைந்திருந்தது. நான் அசையாதே என்று சொன்னேன் என்பதற்காக நீ பாத்ரூமுக்குக்கூட எழுந்து போகவில்லை. போலீஸ்காரர் என்னைக் கேட்டார், "நீ யாரு? குழந்தையை விட்டுட்டு எங்கே போனே?" உன்னைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், என்னைப் பிடித்து உள்ளே போடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். எது முதலில் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"நான் எங்கேயும் போகலைங்க. இவதான் கையை உதறிட்டு ஓடிட்டா" என்றேன்.

டிக்கெட் அம்மா, "என்னம்மா சொல்றே, இந்தப் பொண்ணு காலையிலேர்ந்து பெஞ்சை விட்டு..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் போலீஸ்காரரிடம், "ஆமா. நான்தான் ஓடிட்டேன்" என்றாய்.

கதையை நான் மட்டும் கட்டவில்லை, சுண்டு. என்னைக் காப்பாற்ற அதை முதலில் ஒப்புக்கொண்டவள் நீ. ஆறு வயதில். டிக்கெட் அம்மா உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, ஆள் கிடைச்சாச்சுல்ல, விடுங்க சார்" என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு உனக்கு ஒரு துண்டு கொடுத்தாள்.

நீ அதை எப்போது நிஜமாக நம்ப ஆரம்பித்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நீயே யாரிடமோ சொன்னாய், "நான் சின்ன வயசுல ஓடிப் போயிட்டேன் தெரியுமா" என்று. அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அதற்கு மேல் அதை வேடிக்கைக் கதையாகவே ஆக்கிக்கொண்டேன். இந்தத் தப்புக்குப் பெயர் உங்கள் பாடத்தில் இருக்கும்.

அந்த ரிப்பனை நீ ஓடிவிடுவாய் என்று கட்டவில்லை. நான் ஓடிவிடுவேன் என்று கட்டினேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் என் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது, அவிழ்த்தேன்.

பதில் போடு என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. விடுதியில் என் அறைத்தோழி, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு அந்த முக்காலி ஞாபகம் இல்லை. போலீஸ்காரர் ஞாபகம் இல்லை. ஓடியதுதான் ஞாபகம் இருக்கிறது அக்கா! கூட்டத்துக்கு நடுவே கால்கள் தெரிய, காற்று முகத்தில் அடிக்க ஓடுகிறேன். அதை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். நடக்காத ஒன்றை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியும் என்றால், நான் பார்த்ததாக நினைக்கிற வேறு எதை நம்புவது? ஞாபகம் இப்படியெல்லாம் செய்யும் என்று போன பருவம் ஒரு பாடம் படித்து, எழுபத்தெட்டு மார்க் வாங்கினேன். பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரு வரிகூட என்னைப் பற்றி என்று தோன்றவில்லை.

திங்கட்கிழமை கட்டுரைத் தலைப்பு கொடுத்தார்கள். 'அழைத்தவர் தன் குற்றத்தைப் பேச்சில் எவ்வாறு மறைக்கிறார்?' என்று. எழுந்து நின்றுவிட்டேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு முடிந்ததும் பேராசிரியையின் அறைக்குப் போய், "மேடம், அந்தக் குரல் எங்க அக்கா. சுண்டு நான்தான்" என்றேன்.

அவருடைய முகம் வெளுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஒன்பது வருஷமா போட்டுட்டு இருக்கேன்மா" என்றார். இரண்டு முறை அதையே சொன்னார். உதவி எண் நிறுவனம் ஆராய்ச்சிக்குக் கொடுத்த பதிவு அது, பெயர்கள் நீக்கிவிட்டதால் யாருக்கும் தெரியவராது என்று நினைத்தார்களாம். உடனே பாடத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். ஆனால் பதிவை ஒரேயடியாக அழிக்க வேண்டும் என்றால் அழைத்தவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும். வைத்துக்கொள்ளலாம் என்றாலும் அதே கையெழுத்து வேண்டும். முடிவு உன்னுடையது.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்படி எதுவும் ஆகவில்லை. அன்றைக்கு நான் உனக்காகப் பொய் சொன்னேன் என்று படித்ததும் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது. அந்தக் குழந்தையின் மேல்கூடக் கோபம் வருகிறது.

ஆனால் ஒரு விஷயம். உன் கடிதத்தைப் படித்த பிறகு விட்ட இடத்திலிருந்து பதிவைக் கடைசி வரை கேட்டேன். நாலு முறை கேட்டேன். உன் ஞாபகத்திலும் ஒன்று தப்பு. எது என்று நான் எழுத மாட்டேன். சொன்னால் நம்பவும் மாட்டாய். நீயே வந்து கேள்.

சுண்டு

*

மார்ச் 16

சுண்டு,

ரயில் நிலையத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு வராதது நல்லதாகப் போயிற்று. நீ ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாய், நான் வாங்கிக்கொண்டேன், வண்டி கிளம்பிவிட்டது. வீடு வந்து சேர்ந்தேன். சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். உள்ளே சுவரெல்லாம் பஞ்சு. பேராசிரியை என் தலையில் அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டார். என் காதுக்கு அது பொருந்தவில்லை, கடைப்பழக்கத்தில் நானே வளைத்துச் சரிசெய்தேன். அவர் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதலில் அது என் குரல் என்றே தோன்றவில்லை. யாரோ ஒரு முட்டாள் பெண் பேசுகிறாள் என்று இருந்தது. அப்புறம் அந்த அம்மாவின் குரல். அவள் அதட்டப் போகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் அதட்டவே இல்லை, சுண்டு.

"இப்ப சுண்டு என்ன பண்ணிட்டிருப்பா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. அப்புறம் உங்கள் வகுப்பு எண்ணுகிற அந்தப் பதினோரு விநாடி. ஒரு பஸ் ஹார்ன் அடிக்கிறது. யாரோ தூரத்தில் இருமுகிறார்கள். பிறகு நான்.

"அசையாம உக்காந்திருப்பா. நான்தான் அசையாதேன்னு சொன்னேன்."

"ம்."

"நான் போறேன்."

"எங்கே போறீங்க?"

"அவகிட்ட."

எழுந்திரு என்று அவள் சொல்லவில்லை. திரும்பிப் போ என்று சொல்லவில்லை. பேராசிரியையைத் தோளில் தட்டி, "இதுல எதையாவது வெட்டிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஒரு விநாடிகூட வெட்டலைங்க" என்றார். மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அதேதான். பதினைந்து வருஷமாக யாரோ ஒருத்தி போட்ட அதட்டலில் வந்தவள் என்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டிருந்தேன். அந்த அதட்டல் எங்கே போயிற்று? அது என் தலைக்குள்தான் இருந்திருக்கிறது. உனக்கு ஓடிய ஞாபகம் என்றால் எனக்கு அதட்டின ஞாபகம். நல்ல குடும்பம் நாம்!

அதற்கப்புறம் இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது. அதை நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அந்த அம்மா, "ஹலோ? இருக்கீங்களா? பஸ் கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொஞ்சம் விட்டு மறுபடி, "நான் இங்கதான் இருக்கேன்" என்கிறாள். வெறும் இரைச்சல். மூன்று நிமிஷம் முழுக்க அவள் போனை வைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தேனா, குழந்தை கிடைத்ததா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அங்கேதான் உடைந்துவிட்டேன். வெளியே உனக்குக் கேட்டிருக்கும்.

உதவி எண்ணில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெயர் கிடையாதாம், எண்தானாம். அந்த நிறுவனத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று பேராசிரியை சொன்னார். கிடைப்பார் என்று சத்தியம் செய்யவில்லை.

அழித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். பையில் அதற்கான கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்தப் படிவத்தை முன்னால் வைத்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது. "வெச்சுக்கோங்க. ஆனா நடுவுல நாலு நிமிஷம் போடக் கூடாது. போட்டா பதினாலு நிமிஷமும் போடணும். அந்த அம்மா காத்துட்டிருக்கிறதும் அதுல வரணும்" என்றேன். அவர் அதை அப்படியே என் வார்த்தையிலேயே படிவத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

ஐம்பத்திரண்டு பேர் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். பாதியைக் கேட்டுவிட்டு நினைக்க வேண்டாம்.

உனக்கு நான் செய்தது இரண்டு. விட்டுவிட்டுப் போனது ஒன்று, உன் தலையில் அதைக் கட்டியது ஒன்று. முதலாவதற்கு அந்த வயசையும் அந்த நாளையும் சாக்குச் சொல்லலாம். இரண்டாவதற்குச் சாக்கு இல்லை. அது ஒவ்வொரு வருஷமும் தெரிந்தே செய்தது. கேண்டீனில் நீ கேட்டாய், "ஏன் ஒரு தடவைகூடச் சொல்லலை?" என்று. அப்போது டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் இதுதான்: நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயம். மாறிவிட்டது, பார்த்தேன். ஆனாலும் நீ என்னைப் பார்த்தாய்.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

இன்று வகுப்பில் பதினாலு நிமிடமும் போட்டார்கள். யாருடைய குரல் என்று பேராசிரியை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசி மூன்று நிமிடத்தில் ஒருவர்கூடப் பேனாவைத் தொடவில்லை. முடிந்ததும் வழக்கம்போல் கேள்வி கேட்காமல் பேராசிரியை விளக்கைப் போட்டார். யாரும் எழுந்து போகவில்லை.

பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டு உன் படிவத்தைக் காட்டினார். பதிவு ஆவணத்தில் இதுவரை 'பெண், வயது தெரியவில்லை' என்றுதான் இருந்ததாம். எல்லாரும் முப்பது வயதுத் தாய் என்று வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறார்கள். உன் கையெழுத்தில், 'அழைத்தபோது வயது' என்ற கட்டத்தில் பத்தொன்பது என்று இருந்தது.

எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. உனக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஆறோடு பதின்மூன்றைக் கூட்டிப் பார்க்க இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. நீ எனக்கு எப்போதும் பெரியவள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும்தான் வயது இருந்தது.

எனக்கு இப்போது இருபத்தொன்று.

விடுதியில் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பத்தொன்பது வயது. மதியம் தன் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து, வீட்டில் திட்டுவார்கள் என்று சாப்பாட்டு மேஜையில் தேம்பிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமல் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் குழம்பு. நான் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தேன். "என்னக்கா அப்படிப் பார்க்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

கோபம் போகவில்லை, அக்கா. அப்படியேதான் இருக்கிறது. யார் மேல் என்றுதான் இன்று மதியத்திலிருந்து தெரியவில்லை.

சுண்டு